பனம்பழமும் மிளகும்

(வடமராட்சிச் சனசமூக நிலையம் ஒன்றில் நான் பேசியதன் எழுத்து வடிவம்)

சபையில் இருக்கும் பெரியவர்களுக்கும் தம்பி தங்கைமாருக்கும் வணக்கம். நான் டொக்டர் இல்லை. முப்பது வருசத்துக்கு மேலாக மருந்து கொடுக்கும் யன்னலுக்கு உள்ளே நின்றவன். அந்த யன்னலில் நான் அதிகம் கேட்ட வசனம் இது: "தம்பி, போனமுறை தந்த அந்தச் சிவப்பும் மஞ்சளுமான கப்சூலில நாலு தாங்கோ. சரியான தடிமன்." நாலே நாலு! அந்த நாலு கப்சூலைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

தடிமன் வைரசால் வருவது. அந்தக் கப்சூல் பற்றீரியாவைக் கொல்லும் அன்ரிபயோட்டிக். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பற்றீரியா ஒற்றைக் கலம்தான், ஆனாலும் முழுமையான உயிர். தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும், தானாகவே இரண்டாகப் பிரிந்து பெருகும். பெரும்பாலும் தன்னைச் சுற்றி ஒரு சுவரும் வைத்திருக்கும். பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் பண்ணும்; பற்றீரியா வெடித்துச் சாகும். வைரசிடம் சுவரும் இல்லை, அடுப்படியும் இல்லை. கொஞ்சம் மரபுப்பொருள், அதை மூடிய புரத உறை, சிலவற்றுக்கு அதன்மேல் ஒரு கொழுப்புப் போர்வை. எங்கள் கலத்துக்குள் புகுந்து, எங்கள் அடுப்பிலேயே தன் உலையை ஏற்றும். இல்லாத சுவரை மருந்து எங்கே போய் இடிக்கிறது? பருமனிலும் அப்படித்தான். பற்றீரியாவைப் பனம்பழம் என்று வைத்தால் டெங்கு வைரசு ஒரு மிளகு.

சரி, நாலு கப்சூல் விழுங்கினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பீர்கள். தடிமன் பாட்டுக்கு இருக்கும். ஆனால் உடம்பில் ஏற்கெனவே குடியிருக்கும் பற்றீரியாக்களில் எளியவை செத்து, மருந்துக்கு அசையாதவை மிஞ்சிப் பெருகும். பெனிசிலினை 1928 இல் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945 இல் நோபல் பரிசு வாங்கிய உரையிலேயே இதை எச்சரித்தார்: கடையில் யாரும் வாங்கலாம் என்று ஒரு காலம் வந்தால், ஆட்கள் அளவு குறையக் குடித்துக் கிருமியைப் பழக்கிவிடுவார்கள் என்று. எங்கள் யன்னலை அவர் பார்த்திருக்க வேண்டும்!

இங்கே புகையிலை வைக்கிற ஐயாமார் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு கதை. இலையில் தேமல் மாதிரிப் பச்சையும் மஞ்சளும் கலந்து வரும் ஒரு நோய் உண்டு அல்லவா? 1892 இல் ருசியாவில் இவனோவ்ஸ்கி என்பவர் அந்த இலையைப் பிழிந்து, பற்றீரியா தாண்ட முடியாத பீங்கான் வடியில் வடித்தார். வடித்த சாறு பட்ட நல்ல கன்றுக்கும் நோய் வந்தது. அவருக்கோ இன்னும் பற்றீரியாமேல்தான் சந்தேகம். வடியில் ஓட்டையோ என்றுகூட யோசித்தார். 1898 இல் ஒல்லாந்தில் பெய்ஜெரின்க்தான் துணிந்து, இது வேறு சாதி என்று சொல்லி வைரசு என்ற பெயரைக் கொடுத்தார். ஆக, முதன்முதலில் பிடிபட்ட வைரசு மனிசனுடையது அல்ல, புகையிலையுடையது. சுருட்டுப் பிடித்த கையால் கன்றைத் தொட்டாலும் அது தொற்றலாம். கையைக் கழுவிவிட்டு இறங்குங்கள்.

இனித்தான் விசயம். கார்த்திகை மழைக்குப் பிறகு எங்களுக்கு இரண்டு காய்ச்சல் சேர்ந்து வரும். டெங்கு வைரசால் வருவது, எலிக்காய்ச்சல் பற்றீரியாவால் வருவது. முதல் இரண்டு மூன்று நாள் இரண்டுக்கும் ஒரே முகம்: காய்ச்சல், தலையிடி, உடம்பு உளைவு. 2024 மார்கழியில் இந்தப் பக்கத்தில் என்ன காய்ச்சல் என்றே தெரியாமல் ஆட்கள் செத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. எலியின் சலம் கலந்த வெள்ளத்தில் நிற்கும்போது காலில் இருக்கும் கீறல் வழியாக அது ஏறும். இதற்கு அன்ரிபயோட்டிக் நன்றாக வேலை செய்யும், நேரத்தோடு கொடுத்தால். வயலில் இறங்குகிறவர்களுக்குச் சுகாதாரப் பரிசோதகர் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் என்ற அன்ரிபயோட்டிக் குளிசை அது வராமல் தடுக்கத்தான். அதை வாங்கிச் சாமிப்படத் தட்டில் பத்திரமாக வைத்திருந்தவர்களையும் எனக்குத் தெரியும்!

டெங்குவுக்கு அதே குளிசையைப் பெட்டியோடு விழுங்கினாலும் பலன் இல்லை. அங்கே கவனமும் நீராகாரமும் இரத்தப் பரிசோதனையும்தான் வைத்தியம். காய்ச்சல் விட்டதும் "சுகம் வந்திட்டுது" என்று வீட்டுக்காரர் ஆறுதல் படுவார்கள். இரத்தக்குழாய் கசிந்து ஆபத்து வருவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அஸ்பிரின், இபுபுரோபென் வேண்டாம், இரத்தப்போக்கைக் கூட்டும். பரசிற்றமோல் அளவோடு போதும். எது எந்தக் காய்ச்சல் என்று முகத்தைப் பார்த்து நானும் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்ல முடியாது. சளி மஞ்சளாக வந்தால் பற்றீரியா என்பதும் அப்படித்தான், வைரசிலும் மஞ்சளாக வரும்.

பின்வரிசையில் இருந்து ஒரு அம்மா கேட்கிறா, நாய் கடித்தால் ஏன் இரண்டு விதமான ஊசி என்று. நல்ல கேள்வி. விசர்நோய் வைரசால் வருவது, ஏற்புவலி (ரெற்றனஸ்) மண்ணில் இருந்து காயத்துக்குள் போகும் பற்றீரியாவால் வருவது. ஆள் இரண்டு, தடுப்பூசியும் இரண்டு. ஊசிக்கு ஓடமுதல் காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிசம் கழுவுங்கள். விசர்நோய் வைரசுக்குக் கொழுப்புப் போர்வை உண்டு, சவர்க்காரம் அதைக் கரைத்துவிடும். மஞ்சளையும் கோப்பித்தூளையும் அப்பிக்கொண்டு வராதேங்கோ. அதைச் சுரண்டி எடுக்கவே அந்தத் தாதிப் பிள்ளைக்கு அரை மணித்தியாலம் போகும்.