கடைசி அடி யாருக்கு?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முறை வைத்து ஆடும் கணினி விளையாட்டுகளில் படையை எப்படி நடத்துவது, எப்படித் தரமுயர்த்துவது என்று பேச நிலையத்தார் அழைத்தார்கள். படை என்ற சொல் போர் கண்ட இந்த இலங்கையில் எந்த வீட்டிலும் இலேசாகக் காதில் விழுவதில்லை. அதை நினைவில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். நான் சொல்லப்போவது திரையில் கட்டங்களின் மேல் நகரும் காய்களைப் பற்றி. சதுரங்கத்தின் வழிவந்த ஓர் ஆட்டக்கலையைப் பற்றி.

சதுரங்கத்தில் காலாள் எட்டாம் வரிசையை எட்டினால் ராணியாகலாம். அந்த ஆட்டத்தில் இருக்கும் ஒரே தரமுயர்வு அதுதான். ஆட்டம் முடிந்தால் அந்த ராணியும் பெட்டிக்குள் போய்விடுவாள். அடுத்த ஆட்டத்தில் மீண்டும் எட்டுக் காலாட்கள். கணினி விளையாட்டுகள் இந்த இடத்தில்தான் புதிய வாசலைத் திறந்தன. ஒரு களத்தில் பிழைத்த வீரன் அடுத்த களத்துக்கும் வருவான், கற்றதோடு வருவான் என்று வைத்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு காய்க்கும் ஒரு வரலாறு உண்டாகிவிட்டது.

இந்த வகை விளையாட்டில் நீங்கள் உங்கள் காய்களை எல்லாம் நகர்த்திய பின்புதான் எதிரி நகர்வான். அவசரமே கிடையாது. கொழும்பின் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை ஊர்ந்து போகும் நேரத்தில் கைத்தொலைபேசியில் ஒரு முறையை நிதானமாக யோசித்து ஆடலாம். 2022இல் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததே, அப்போது மடிக்கணினியில் மின்சாரம் உள்ளவரை ஆடிவிட்டுச் சேமித்து மூடிவைத்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஆட்டம் நமக்காகக் காத்திருக்கும். காத்திருப்பதால் நம்மிடம் வேகத்தைக் கேட்பதில்லை. நல்ல முடிவை மட்டும் கேட்கிறது.

புதிதாக ஆடத் தொடங்குபவர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். கையில் பொன் சேர்ந்தவுடன் புதிய வீரர்களை வாங்கிக் குவிப்பார்கள். பழையவன் காயப்பட்டால் அவனையே மறுபடி முன்னால் தள்ளுவார்கள், செத்தால் இன்னொருவனை வாங்கலாம் என்று. எண்ணிக்கை கூடினால் பலம் கூடும் என்ற நம்பிக்கை அது. நம் பழைய உரையாசிரியர்கள் படையை மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை என்றெல்லாம் வகை பிரித்தபோது மூலப்படையை முதலில் வைத்தார்கள். வழிவழியாக வந்த, கூடவே நின்று பழகிய படை அது. இந்த விளையாட்டுகளிலும் ஒரு மூலப்படையை உருவாக்கி, அதைச் சாகவிடாமல் கடைசிக் களம் வரை கொண்டுபோவதுதான் ஆட்டத்தின் சாரம் என்பது என் உறுதியான கருத்து. மற்ற எல்லாக் கணக்கும் அதற்குக் கீழேதான்.

இதைச் சரியாகக் கற்றுக்கொடுக்கும் விளையாட்டு ‘பாட்டில் ஃபோர் வெஸ்னோத்’. டேவிட் வைட் என்பவர் தொடங்கியது. 2003இல் முதல் பதிப்பு வந்தது. இலவசம், திறந்த மூலநிரல்; அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். இதன் கணக்கு எளிமையானது. முதல் நிலை எதிரியோடு மோதினாலே ஓர் அனுபவப் புள்ளி. அவனை வீழ்த்தினால் எட்டு. இரண்டாம் நிலை எதிரியை வீழ்த்தினால் பதினாறு. புள்ளி நிறைந்ததும் வீரன் அடுத்த நிலைக்கு உயர்வான்; உயரும் கணத்தில் அவனுடைய காயமெல்லாம் ஆறிவிடும். ஆகவே எதிரியை யார் பலவீனப்படுத்துவது என்பதை விட, கடைசி அடியை யார் அடிப்பது என்பதே பெரிய கேள்வி.

போயா விடுமுறை ஒன்றில் என் மருமகன் எங்கள் தொடர்மாடி வீட்டுக்கு வந்திருந்தான். உயர்தர வகுப்பில் படிக்கும் பிள்ளை, கணக்கில் கெட்டிக்காரன். நாங்கள் வனவாசிகளான எல்ஃப் குலத்தின் படையை நடத்திக்கொண்டிருந்தோம். புல்வெளியில் எதிரிகளான ஓர்க் என்னும் அரக்கக் குலத்தின் சிப்பாய் ஒருவன், உயிர் நான்கே புள்ளி மிச்சம். பக்கத்துக் கட்டத்தில் எங்கள் தளபதி. ஒரு கட்டம் தள்ளி, உயர்வு பெற இன்னும் ஏழு புள்ளி தேவைப்பட்ட மருத்துவச்சி.

“மாமா, தளபதி வாளால் அடித்தால் நிச்சயம் விழுவான்” என்றான்.

அவன் சொன்னதில் பிழையில்லை. புல்வெளியில் நிற்கும் ஓர்க் மீது ஒவ்வோர் அடியும் படுவதற்கு நூற்றுக்கு அறுபது வாய்ப்பு. தளபதி நான்கு முறை வாள் வீசுவான். ஒன்றாவது பட நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. மருத்துவச்சிக்கு இரண்டே வீச்சு. ஒன்றாவது பட எண்பத்துநான்கு. அதிலும் அவளுடைய ஓர் அடியின் பலம் மூன்றுதான், எதிரியிடம் இருப்பதோ நான்கு. பார்த்த மாத்திரத்தில் இது தளபதியின் வேலை என்றுதான் தோன்றும்.

ஆனால் தளபதிக்கு இன்னொரு குணம் உண்டு. அவன் பக்கத்தில் நின்று அடிக்கும், அவனை விட ஒரு நிலை தாழ்ந்தவரின் பலம் நூற்றுக்கு இருபத்தைந்து கூடும். மூன்று நான்காகிவிடும். ஒரு வீச்சுப் பட்டாலே போதும். அந்தச் சிப்பாயிடம் தூர ஆயுதம் கிடையாது, ஆகவே மருத்துவச்சியைத் திருப்பித் தாக்கவும் முடியாது. இரண்டு வீச்சும் தவறினால் தளபதி இன்னும் அடிக்காமல்தான் நிற்கிறான், அவன் முடித்துவைப்பான். மருமகன் இதையெல்லாம் விரல்விட்டுப் பார்த்துவிட்டு மருத்துவச்சியை நகர்த்தினான். இரண்டாவது வீச்சில் சிப்பாய் விழுந்தான். அவள் அடுத்த நிலைக்கு உயர்ந்தாள். அதுவரை முறைக்கு நான்கு புள்ளி ஆற்றிவந்தவள், அன்று முதல் தன்னைச் சூழ நிற்கும் எல்லோருக்கும் எட்டு ஆற்றினாள். அந்த எட்டுப் புள்ளி தளபதியிடம் போயிருந்தால் அவனுடைய நீண்ட கணக்கில் கரைந்து போயிருக்கும்.

படை நடத்துவது என்று நான் சொல்வது இதைத்தான். அடிக்கும் வரிசையை மாற்றினால் அதே காய்களிலிருந்து வேறொரு படை கிடைக்கிறது. அடித்து ஆடும் வீரர்கள் தாமாகவே வளர்ந்துவிடுவார்கள்; மருத்துவச்சிகள் வளரமாட்டார்கள். அவர்களுக்கு நாம்தான் பார்த்து ஊட்ட வேண்டும்.

இதே விளையாட்டில் பொன் கணக்கும் மூலப்படையின் பக்கமே நிற்கிறது. புதிய ஈட்டிக்காரன் ஒருவனைச் சேர்க்கப் பதினான்கு பொன். முந்திய களங்களில் பிழைத்தவரைத் திரும்ப அழைக்க இருபது பொன், அவர் மூன்றாம் நிலை வீரராக இருந்தாலும் அதே இருபதுதான். ஆறு பொன் வித்தியாசத்தில் ஒரு மாவீரன் வருகிறான். அதற்காக மூத்தவர்களை மட்டுமே அழைத்துவிடவும் கூடாது. மூன்றாம் நிலை வீரனுக்கு முறைக்கு மூன்று பொன் பராமரிப்பு. நம் கையிலுள்ள ஒவ்வொரு கிராமமும் ஒரு நிலையின் செலவைத் தாங்கும், அதற்கு மேல் நம் கருவூலம்தான். தவிரவும் வரிசையில் முன்னால் நிற்கவும் நாளை மூத்தவராகவும் இளையவர்கள் வேண்டும். செத்தவர் செத்தவர்தான், திரும்ப வரமாட்டார். ஆகவே இரவில் ஓர்க் கூட்டத்தின் பலம் கூடும் நேரத்தில் காயப்பட்ட மூத்தவரைக் கிராமத்துக்குப் பின்வாங்கச் செய்வதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

பழையவரைக் காப்பதா, புதியவரைச் சேர்ப்பதா என்ற கேள்வியை வேறொரு கோணத்தில் கேட்டது 1994இல் வந்த ‘பன்சர் ஜெனரல்’. அடிபட்ட படைப்பிரிவை அதில் இரண்டு விதமாக நிரப்பலாம். மலிவான புதுமுகங்களால் நிரப்பினால் எண்ணிக்கை நிறையும். பிரிவின் அனுபவம் நீர்த்துப்போகும். தேர்ந்தவர்களால் நிரப்பினால் அனுபவம் அப்படியே இருக்கும், செலவு கூடும். எல்லாப் பிரிவுக்கும் தேர்ந்தவர்களைக் கொடுக்கப் புள்ளிகள் ஒருபோதும் போதா. அப்போது யார் உங்கள் மூலப்படை என்று நீங்களே பெயர் குறித்துத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதைவிட நேர்மையாக இந்தக் கேள்வியைக் கேட்ட ஆட்டத்தை நான் காணவில்லை.

தரமுயர்த்தல் என்றால் எல்லாவற்றையும் உயர்த்துவது என்று நினைப்பவர்களுக்கு ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக்’ மூன்றாம் பாகத்தைச் சொல்வேன். 1999இல் வந்தது. பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த கட்டடத்துக்கு நாங்கள் தேடிப் போன காலத்து விளையாட்டு. இன்றும் ஆடுகிறார்கள். அதில் வில்லாளி ஒருவனுக்கு 100 பொன். தரமுயர்ந்த வில்லாளிக்கு 150. உயிர், தாக்கும் பலம், காக்கும் பலம் எல்லாம் இருவருக்கும் ஒன்றே. உயர்ந்தவனுக்குக் கொஞ்சம் வேகம் கூட, அத்துடன் ஒரு முறையில் இரண்டு அம்பு. 3000 பொன்னுக்கு முப்பது சாதாரண வில்லாளிகள் வந்தால் முப்பது அம்பு. அதே பொன்னுக்கு உயர்ந்தவர்கள் இருபது பேர் வந்தால் நாற்பது அம்பு. அதைவிட முக்கியமாக, வில்லாளிகள் வாரத்துக்கு இத்தனை பேர் என்றுதான் கிடைப்பார்கள். பொன் இருந்தாலும் ஆள் இல்லை. மிஞ்சும் பொன்னுக்கு உயர்வே சரியான வழி.

தேவதூதர்களின் கணக்கு வேறு. ஒருவருக்கு 3000 பொன், உயர்ந்தவருக்கு 5000. உயர்ந்தவர் போரில் ஒருமுறை மாண்டவர்களை எழுப்புவார் என்பது பெரிய வரம். ஆனாலும் நடுவாட்டத்தில் அதற்கான கட்டடத்தில் பொன்னைக் கொட்டிவிட்டு, வார முடிவில் படையை வாங்கக் காசில்லாமல் நிற்கக் கூடாது. இன்னொரு நுணுக்கம்: படைத்தலைவனிடம் ஏழு இடங்களே உண்டு. பாதி வில்லாளிகளை மட்டும் உயர்த்தினால் பழையவர்களும் புதியவர்களும் ஒன்றுசேராமல் இரண்டு இடத்தைப் பிடிப்பார்கள். உயர்த்துவதென்றால் ஒரு வகையை முழுவதுமாக உயர்த்துங்கள்.

நாகரிகம் ஒன்றைக் கட்டியெழுப்பும் ‘சிவிலைசேஷன்’ தொடரைப் பற்றி நம் இளைஞர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. 1991இலிருந்து வருவது, 2010இல் வந்த ஐந்தாம் பாகம் வரைபடத்தின் ஒரு கட்டத்தில் ஒரே போர்ப்படைதான் நிற்கலாம் என்று விதித்தது. அதோடு ஒவ்வொரு படையின் தரமும் உயிர்நாடியாகிவிட்டது. அங்கே நான் வற்புறுத்துவது காலத்தை. படையை உங்கள் எல்லைக்குள்ளோ நட்பு எல்லைக்குள்ளோ வைத்துத்தான் தரமுயர்த்த முடியும். புதிய தொழில்நுட்பம் கைக்கு வந்த பிறகு பொன் சேர்க்கத் தொடங்குபவர் பிந்திவிட்டார். வருவதற்குச் சில முறைகள் முன்பே பொன்னைச் சேர்த்து, படையை வீட்டுக்கு அழைத்து, அந்த முறையிலேயே எல்லோரையும் உயர்த்திவிட்டால், அயலவர் பழைய ஆயுதத்தோடு நிற்கும் சிறு இடைவெளி உங்களுடையது. ஆறாம் பாகத்தில் தரமுயர்த்தும் செலவைப் பாதியாக்கும் ஆட்சிக்கொள்கை ஒன்று உண்டு. அதை எடுக்காமல் பெரும் படையை உயர்த்துவது வீண்செலவு.

ஐந்தாம் பாகத்தில் ஒரு பொறியும் இருக்கிறது. குறுக்குவில் படை இரண்டு கட்டம் தள்ளி நின்று எய்யும். அதைக் கட்லிங் துப்பாக்கியாக உயர்த்தினால் பலம் கூடும். எட்டும் தூரம் ஒரு கட்டமாகக் குறுகிவிடும். நகர முற்றுகையில் பின்வரிசையில் பாதுகாப்பாக நின்றவர்கள் திடீரென்று மதிலடிக்கு வர வேண்டியிருக்கும். போர்களில் தூரத்தைக் கூட்டும் சிறப்புப் பயிற்சி பெற்ற படைகளுக்கு அது உயர்வின் பின்னும் நிலைத்திருக்கும் என்பதால் அவர்களை முதலில் உயர்த்துங்கள். மற்றவர்கள் முற்றுகை முடியும் வரை வில்லோடு இருக்கட்டும். உயர்த்தும் பொத்தான் ஒளிர்கிறது என்பதற்காக அழுத்த வேண்டியதில்லை.

மூலப்படையைக் காப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. 2012இல் வந்த ‘எக்ஸ்கொம்: எனிமி அன்நோன்’ அதைத் தெளிவாகக் காட்டும். களத்துக்கு முதலில் நான்கு பேர், பயிற்சிக்கூடம் கட்டிப் படிப்படியாக ஆறு பேர் வரை அனுப்பலாம். காயப்பட்டவர்கள் நாட்கணக்கில் மருத்துவமனையில் இருப்பார்கள். சிறந்த ஆறு பேரை மட்டுமே வளர்த்தவர், அவர்களில் நால்வர் கட்டிலில் கிடக்கும் நாளில் அழைப்பு வந்தால் அனுபவமே இல்லாத புதுமுகங்களோடு போக வேண்டும். ஒவ்வொரு களத்துக்கும் மூத்தவர்களுக்கிடையே ஓரிரு இளையவர்களைச் சேர்த்து அனுப்புவது, கடைசி அடியை அவர்களுக்கு விடுவது, இதைச் சுலபமான களங்களிலேயே செய்துவிட வேண்டும். கடினமான களத்தில் அதற்கு இடமிருக்காது.

தொடங்க விரும்பும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வெஸ்னோத்துக்குப் பணம் தேவையில்லை, பழைய கணினியிலும் ஓடும். கைத்தொலைபேசி மட்டும் இருந்தால் ‘பொலிடோப்பியா’ இருக்கிறது. அதில் மூன்று எதிரிகளை வீழ்த்திய படை மூத்த படையாகி ஐந்து உயிர்ப்புள்ளி கூடப் பெறும், இன்று நான் சொன்னதின் சிறிய வடிவம் அது. வெஸ்னோத்தில் முதல் களம் முடிந்ததும் உடனே அடுத்ததற்குப் போகாதீர்கள். படைப் பட்டியலைத் திறந்து யாருக்கு எத்தனை புள்ளி குறைகிறது என்று பாருங்கள். ஓர் அடியில் உயரக்கூடியவர்களின் பெயர்களைக் குறித்து வையுங்கள். அடுத்த களத்தில் முதலில் அழைக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

நன்றி. வணக்கம்.