பேரிங் மாற்றியும் பம்ப் ஏன் ஆடுகிறது?

[திரையில்: செங்குத்து பம்ப், உச்சியில் மோட்டார்]

பேரிங் புதுசு. அலைன்மென்ட் சரி. ரோட்டரைக் கழற்றி பேலன்ஸும் செய்தாயிற்று. அப்படியும் மோட்டாரின் உச்சியில் கை வைத்தால் உதறுகிறது. இன்னொரு பேரிங் வாங்குவதற்கு முன், பம்பைத் தாங்கி நிற்கும் கட்டமைப்பைப் பாருங்கள்.

எந்தக் கட்டமைப்பையும் தட்டிவிட்டால் அது தனக்கென்று உள்ள ஒரு வேகத்தில் ஆடும். அதுதான் இயல் அதிர்வெண். நிமிடத்துக்கு 1480 சுற்று ஓடும் பம்ப், நொடிக்கு சுமார் 24.7 சுற்று, அதாவது 24.7 ஹெர்ட்ஸ். தண்ணீரைத் தள்ளிச் சுழலும் இம்பெல்லரில் 5 வேன், அதாவது இறக்கை, இருந்தால், வேன்கள் கடக்கும்போது விழும் அடி அதைப்போல் 5 மடங்கு, ஏறக்குறைய 123 ஹெர்ட்ஸ். இந்த இரண்டில் ஒன்றுக்குப் பக்கத்தில் இயல் அதிர்வெண் வந்துவிட்டால் ஒத்ததிர்வு. பேலன்ஸ் செய்தபின் மிஞ்சியிருக்கும் துளி அன்பேலன்ஸே அதிர்வைப் பல மடங்காக்கப் போதும்.

[திரையில்: டிஸ்சார்ஜ் ஹெட், நெருக்கத்தில்]

மோட்டாரைத் தாங்கி, தண்ணீரை வெளிக்குழாய்க்குத் திருப்பிவிடும் பாகம் இது. மோட்டாரையும் பம்பின் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கை எட்டுவதற்காக இங்கே வெட்டி வைத்திருக்கும் திறப்பைக் கவனியுங்கள். அதனால் ஒரு திசையில் விறைப்பு குறைகிறது. மோட்டார் உச்சியில், குழாயின் திசையிலும் அதற்குக் குறுக்காகவும் அதிர்வின் வேகத்தை அளந்து பாருங்கள். ஒரு பக்கம் நொடிக்கு 2 மில்லிமீட்டர், மறுபக்கம் 9 என்று வந்தால் ஒத்ததிர்வைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

உறுதி செய்வது எளிது. பம்பை நிறுத்துங்கள். மோட்டார் உச்சியில் அதிர்வை அளக்கும் ஆக்சலரோமீட்டரை ஒட்டி, ரப்பர் தலைச் சுத்தியலால் தட்டுங்கள். ஒரு தட்டோடு விடாமல் சில முறை, இரண்டு திசையிலும். ஸ்பெக்ட்ரத்தில், அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆட்டம் என்று காட்டும் வரைபடத்தில், எழும் முகடு இயல் அதிர்வெண்ணைக் காட்டும். பக்கத்து பம்ப் ஓடினால் அதன் அதிர்வும் கலந்துவிடும். முடிந்தால் அதையும் நிறுத்துங்கள்.

சரி, என்ன செய்வது? முதலில் அடித்தளம். ஆங்கர் போல்ட் தளர்ந்திருக்கிறதா? பேஸ் பிளேட்டைத் தட்டினால் உள்ளே கூடாகக் கேட்கிறதா? பேஸ் பிளேட்டுக்கு அடியில் நிரப்பும் கிரவுட் கலவை விட்டுப்போயிருந்தால் விறைப்பு குறைந்து இயல் அதிர்வெண்ணும் இறங்கியிருக்கும். அதை நிரப்பினாலே பல பம்புகள் அடங்கிவிடும்.

அப்புறம்தான் வலுவூட்டல். இதில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். உங்கள் முகடு 26 ஹெர்ட்ஸில் இருந்தால் விறைப்பைக் கூட்டி மேலே தள்ளலாம். 23-இல் இருந்தால்? அரைகுறையாகக் கூட்டினால் அது நேராக 24.7-இல் போய் நிற்கும், ஆட்டம் இன்னும் மோசமாகும். அங்கே எடையைக் கூட்டிக் கீழே இறக்குவதையும் யோசிக்க வேண்டும். ஓடும் வேகத்திலிருந்து 20 சதவீதமாவது விலகியிருப்பது நல்லது. இன்னொன்று, அதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலத்தோடுதான் ஏறும். 20 சதவீதம் உயர்த்த 44 சதவீதம் கூடுதல் விறைப்பு தேவை. மெல்லிய ஆங்கிள் ஒன்றை வெல்டு செய்தால் அதுவும் சேர்ந்து ஆடும், அவ்வளவுதான்.

மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவான வி.எஃப்.டி.யில் ஓடும் பம்பென்றால் வேகம் மாற மாற எங்கேயாவது அந்த முகட்டைத் தொட வாய்ப்பு உண்டு. அந்த வேகப் பட்டையை டிரைவிலேயே தாண்டும்படி அமைத்துவிடுங்கள். பம்ப் அதைக் கடக்கலாம், அங்கேயே நின்று ஓடக் கூடாது.