பனிக்கு அடியில் ஒரு கடல்: மார்கரெட் கிவெல்சனின் காந்தமானி

நேயர்களுக்கு வணக்கம். வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவில், பனி ஓட்டுக்கு அடியில் உப்புக்கடல் இருப்பதாக அடிக்கடி கேள்விப்படுகிறோம். அந்தக் கடலை எவரும் கண்ணால் கண்டதில்லை. அதற்கு மிக வலுவான சான்றைத் தேடித் தந்தவர் விண்வெளிப் பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டத் துகள்களாலான வாயுவை, ஆராயும் இயற்பியலாளர் மார்கரெட் கிவெல்சன்.

1928இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஹார்வர்டில் இயற்பியலாளர் ஜூலியன் ஷ்விங்கரின் மாணவியாக 1957இல் முனைவர் பட்டம் பெற்றார். 1967இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு, கோள்களைச் சூழ்ந்திருக்கும் மின்னூட்டத் துகள்களும் காந்தப்புலங்களுமே அவருடைய உலகமாயின.

வியாழனை ஆராய நாசா அனுப்பிய கலிலியோ விண்கலத்தில், காந்தப்புலத்தை அளக்கும் கருவியான காந்தமானியின் குழுவுக்கு அவரே தலைவர். விண்கலத்தின் மின்கருவிகள் அளவீட்டைக் கெடுத்துவிடக் கூடாது என்பதால், உணரிகளை 11 மீட்டர் நீளக் கம்பத்தில் பொருத்தியிருந்தார்கள். 1996இல் வியாழனின் இன்னொரு துணைக்கோளான கானிமீடை நெருங்கியபோது, அதற்குச் சொந்தக் காந்தப்புலம் இருப்பது தெரிந்தது. வேறெந்தத் துணைக்கோளிலும் இன்றுவரை அப்படி ஒன்று கண்டறியப்படவில்லை.

யூரோப்பாவின் கதை இன்னும் நுட்பமானது. வியாழனின் காந்த அச்சு, சுழலும் அச்சிலிருந்து ஏறத்தாழ 10 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் யூரோப்பா இருக்கும் இடத்தில் காந்தப்புலம் சுமார் 11 மணி நேரச் சுற்றில் இப்படியும் அப்படியுமாகத் திசை மாறுகிறது. மாறும் புலம், மின்சாரம் கடத்தும் பொருளில் மின்னோட்டத்தைத் தூண்டும். அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு புலத்தை உண்டாக்கும். உறைந்த பனியால் இது ஆகாது, உப்பு நீரால் ஆகும். முதல் நெருக்கங்களிலேயே அப்படியொரு புலம் தென்பட்டது. ஆனால் அது யூரோப்பாவுக்குள் இருக்கும் நிலையான காந்தமாகவும் இருக்கலாமே? இரண்டையும் பிரித்தறிய ஒரே வழிதான்: வியாழனின் புலம் எதிர்த்திசையில் இருக்கும் நேரத்தில் போய் அளப்பது. நிலையான காந்தம் என்றால் திசை மாறாது; கடல் என்றால் தலைகீழாகிவிடும். தன் கருத்து தோற்கவும் இடம் தரும் இத்தகைய சோதனையை முன்கூட்டியே அறிவித்துவிட்டுக் காத்திருப்பதைத்தான் அறிவியலின் உச்சமாக நான் மதிக்கிறேன். 2000 ஜனவரி 3ஆம் நாள் கலிலியோ யூரோப்பாவை நெருங்கிப் பறந்தது. புலம் தலைகீழாகியிருந்தது. அப்போது கிவெல்சனுக்கு வயது 71.

ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியத்தின் ஆல்வேன் பதக்கம் 2005இல் வந்தது. பிரிட்டனின் ராயல் வானியல் கழகம் 2019இல் தங்கப் பதக்கம் அளித்தது. அவற்றைவிட என்னை நெகிழவைப்பது 2018ஆம் ஆண்டின் ஆய்வுக் கட்டுரை. 1997இல் கலிலியோ யூரோப்பாவுக்கு மேலே சுமார் 200 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தபோது, சில நிமிடங்கள் காந்தப்புலம் சட்டென்று வளைந்திருந்தது. அந்தப் பதிவை அவரும் சக ஆய்வாளர்களும் இருபது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் எடுத்து ஆராய்ந்தார்கள். பனியைப் பிளந்து பீறிட்ட நீராவித் தாரைக்குள் விண்கலம் புகுந்து வந்திருக்கலாம் என்று கணினி மாதிரிகள் காட்டின.

2024 அக்டோபரில் புறப்பட்ட நாசாவின் யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030இல் வியாழனை அடைய வேண்டும். அதிலும் ஒரு காந்தமானி போகிறது. இம்முறை 11 மணி நேர மாற்றத்தோடு, யூரோப்பா வியாழனைச் சுற்றிவரும் 85 மணி நேர மாற்றத்தையும் சேர்த்து அளப்பார்கள். அப்போது கடலின் ஆழத்தையும் உப்பின் அளவையும் தனித்தனியே கணிக்க முடியும்.