அடிபட்ட மயிலுக்கு ஒரு வாசல், அடிபட்ட நாய்க்கு வேறு வாசல்

[திரையில்: சாலையோரம், மாலை நேரம்]

வணக்கம். பைபாஸில் போய்க்கொண்டிருக்கிறீர்கள், ஓரமாக ஒரு மயில் இறக்கை ஒடிந்து கிடக்கிறது. கொஞ்சம் தள்ளி ஒரு தெருநாய், அதுவும் வண்டியில் அடிபட்டதுதான். போனை எடுத்துவிட்டீர்கள். யாரைக் கூப்பிடுவீர்கள்? நம்மில் பலர் தெரிந்த ஏதோ ஒரு எண்ணுக்கு அடிக்கிறோம், அங்கே "இது எங்க டிபார்ட்மென்ட் இல்லைங்க" என்கிறார்கள், அடுத்த எண்ணைத் தேடுவதற்குள் அந்த உயிர் போய்விடுகிறது. இதைத் தெரிந்து வைத்திருந்தால் தவிர்க்க முடியும். அதற்காகத்தான் இந்த வீடியோ.

முதலில் மயில். 1972ஆம் ஆண்டு வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதாவது புலி, யானை இருக்கிற அதே பட்டியல். அது காட்டில் இருக்கிறதா, உங்கள் தோட்டத்தில் மேய்கிறதா என்றெல்லாம் சட்டம் கேட்பதில்லை, அட்டவணையில் பெயர் இருந்தால் போதும். கொன்றால் குறைந்தது 3 ஆண்டு சிறை, 7 ஆண்டு வரை போகலாம், அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். கூண்டில் வளர்க்கும் பச்சைக்கிளியும் இதே சட்டத்துக்குள் வருவதுதான், வீட்டில் வைத்திருப்பதே குற்றம். இவற்றுக்கெல்லாம் நீங்கள் கூப்பிட வேண்டியது வனத்துறையை, உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்தை.

இதே சட்டத்தின் கீழ்தான் டெல்லியில் பெரிய பெரிய அமைப்புகள் இருக்கின்றன. 1973இல் 9 காப்பகங்களோடு புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. நன்றாகத்தான் போகிறது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தபோது, ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் ஒரு புலிகூட மிச்சமில்லை என்பது 2005இல் வெளியே வந்தது. அந்த அதிர்ச்சியில்தான் சட்டத்தைத் திருத்தி, தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் என்று அதிகாரமுள்ள ஒன்றை 2006இல் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,411 புலிகள், 2022இல் 3,682. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: ஆணையம் விதி போடும், நிதி கொடுக்கும், கணக்கெடுக்கும். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் ராத்திரி காட்டுக்குள் ரோந்து போவது மாநில வனத்துறைதான், அதிலும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். பல பேர் பழங்குடி இளைஞர்கள். அந்த 3,682க்குள் இவர்கள் நடந்த நடையும் இழந்த தூக்கமும் இருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது பாக் விரிகுடாவில் நடப்பது. அங்கே 2022இல் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுவுக்கான பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. வலையில் சிக்கிய கடற்பசுவை, நம் மீனவர்கள் ஆவுளியா என்பார்கள், வலையை அறுத்து உயிரோடு விடுகிறவர்களை அழைத்துப் பாராட்டி வெகுமதி கொடுக்கிறார்கள். அறுத்த வலை அவர் பிழைப்பு, அதைப் புரிந்துகொண்ட திட்டம் இது.

சரி, நாய்க்கு வருவோம். இங்கே சட்டம் வேறு, 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம். இது வந்ததில் நம் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது தனிநபர் மசோதா கொண்டுவந்து விடாமல் பேசியதுதான் தொடக்கம். அந்தச் சட்டப்படி 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவர்தான் முதல் தலைவர், 2018இல் ஹரியானாவுக்கு மாறும் வரை அதன் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது.

[திரையில்: 10 ரூபாய் நாணயம்]

ஆனால் அபராதத்தைப் பாருங்கள். ஒரு விலங்கை அடித்து வதைத்தால், முதல் முறை 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். 1960இல் எழுதிய தொகை. ஒரு டீக்கடைக் கணக்குக்கு ஒரு உயிரை வதைக்கலாம் என்றால் எந்தக் காவலர் வழக்குப் போட மெனக்கெடுவார்? இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனப்படுத்தினாலோ, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு இருக்கிறது, 5 ஆண்டு வரை சிறை. புகார் எழுதும்போது இந்தப் பிரிவை மறக்காமல் குறிப்பிடுங்கள், பல பேர் 1960 சட்டத்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

இன்னொன்று, தெருநாய்க் கருத்தடையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் வனத்துறை வேலையோ வாரியத்தின் வேலையோ அல்ல. 2023 விதிகளின்படி அது மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சியின் பொறுப்பு, மனுவை அங்கே கொடுங்கள்.

கோயில் யானை மட்டும் இரண்டு வாசலிலும் நிற்கும். முதல் அட்டவணை விலங்கு என்பதால் உரிமைச் சான்று கொடுப்பதும் பராமரிப்பைக் கண்காணிப்பதும் வனத்துறை, அங்குசத்தால் குத்திக் காயப்படுத்தினால் மிருகவதைச் சட்டமும் சேரும்.

இப்போது அந்தச் சாலைக்குத் திரும்புவோம். மயிலுக்கு வனச்சரக அலுவலகம், வரும் வரை ஒரு துணியால் மூடி வையுங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நாய்க்கு மாவட்ட மிருகவதைத் தடுப்புச் சங்கம் அல்லது பக்கத்துக் கால்நடை மருத்துவமனை, கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற இலவச எண்ணிலும் கேட்டுப் பாருங்கள். ஆடு மாடு என்றால் யோசிக்காமல் அதே எண்தான். யாரிடம் பேசினாலும் இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள், ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், அவர்கள் வந்து சேரும் வரை கொஞ்சம் அங்கேயே நில்லுங்கள்.