கோடைப் பயணத்தில் எங்கே, எப்போது நிற்பது?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறை விட்டாயிற்று. காரில் எந்தப் பக்கம் போகலாம், யார் யார் வருகிறார்கள், ராத்திரி எங்கே தங்குவது என்ற பேச்சு இந்நேரம் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும். வழியில் படம் எடுக்க எங்கே நிற்கப்போகிறோம், எத்தனை மணிக்கு நிற்கப்போகிறோம் என்பதையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் புகைப்படத் தொழிலில் இருப்பவன். ஜூன் மாதம் பிறந்ததும் செல்போனில் நூற்றுக்கணக்கான படங்களோடு பிரிண்ட் போட வருகிறவர்களைப் பார்க்கிறேன். குடும்பம் மொத்தமும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, புருவத்துக்குக் கீழே கறுப்பாக நிழல் விழுந்து, முகமெல்லாம் வியர்வையோடு நிற்கும். பின்னால் இருப்பது அருமையான கோபுரமாக இருக்கும். அந்த இடத்துக்குப் போய்ச் சேர அவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். இரண்டு மணி நேரம் முன்னே பின்னே போயிருந்தால் அதே இடம், அதே செல்போன், வேறு படம் கிடைத்திருக்கும்.

அதனால் முதலில் வெயிலைப் பற்றிப் பேசிவிடுகிறேன். மே மாதத்தின் நடுவில் தஞ்சாவூர்ப் பக்கம் சூரியன் காலை 5.50 வாக்கில் உதிக்கிறது, மாலை ஆறரைக்குச் சற்று முன்பு மறைகிறது. படத்துக்கு நல்ல வெளிச்சம் உதயத்திலிருந்து எட்டு மணி வரை, அப்புறம் மாலை நாலரையிலிருந்து இருட்டும் வரை. நடுவில் இருக்கிற எட்டரை மணி நேரம் திறந்த வெளியில் மனிதர்களைப் படம் எடுக்க உகந்த நேரமே இல்லை. கத்திரி வெயிலில் குழந்தைகளையும் வயதானவர்களையும் நிற்க வைப்பது உடம்புக்கும் ஆகாது. ஆக, ஒரு நாளைக்குப் படத்துக்கென்று இரண்டு நிறுத்தம் போதும், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுப்பகலில் நிற்பதாக இருந்தால் கூரை இருக்கிற இடமாகப் பாருங்கள். இதை முதலில் தாளில் எழுதிக்கொண்டு, எத்தனை மணிக்கு எந்த ஊர் என்பதை அதற்குப் பிறகு போடுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஏப்ரல் மாதத்தில் சூரியன் தமிழ்நாட்டுக்கு நேர் மேலே வந்துவிட்டு, அதன்பின் வடக்கே நகர்ந்துவிடும். மே மாத உச்சிப் பொழுதில் நீங்கள் வெளியே நின்றால் உங்கள் நிழல் தெற்குப் பக்கம் விழும். உதிப்பதும் கிழக்கிலிருந்து வடக்கே தள்ளித்தான், மறைவதும் மேற்கிலிருந்து வடக்கே தள்ளித்தான். மார்கழியில் முழு நிழலில் கிடக்கும் வடக்குச் சுவர்களுக்கு வெயில் வருவது இந்த மாதங்களில்தான். கோயிலானாலும் கோட்டையானாலும் மே மாதத்தில் வடக்குப் பக்கம் போய்ப் பாருங்கள். டிசம்பரில் போய்வந்த நண்பர் தெற்குப் பக்கம் நல்ல படம் வரும் என்று சொல்லியிருப்பார். அவருக்கு அது சரி, உங்களுக்குச் சரிவராது.

எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு வழியை வைத்தே சொல்கிறேன். சென்னையிலிருந்து தஞ்சாவூர், அங்கிருந்து செட்டிநாடு, கடைசியில் ராமேஸ்வரமும் தனுஷ்கோடியும்.

விடியற்காலை நாலரைக்கே கிளம்பி விக்கிரவாண்டியில் திரும்பினால் எட்டு மணி வாக்கில் பண்ருட்டி. கோடையில் பண்ருட்டிச் சாலை முழுக்கப் பலாப்பழக் கடைகள். எப்படியும் குழந்தைகள் நிறுத்தச் சொல்வார்கள், ஓட்டுகிறவருக்கும் ஒரு டீ வேண்டும். அங்கேயே படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். பழத்தைப் பிளக்கிற கை, மஞ்சள் சுளை, எண்ணெய் தடவிய கத்தி, அதைக் கண்ணெடுக்காமல் பார்க்கிற பேரப்பிள்ளை, இதையெல்லாம் எடுக்கலாம். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். நீலத் தார்ப்பாய் கட்டிய கடையாக இருந்தால் அதற்கு அடியில் நிற்கிற முகமெல்லாம் நீலம் பூத்துப்போகும். ஓலையோ தகரமோ போட்ட கடையாகப் பார்த்து, கூரையின் ஓரத்தில் வெளிப்பக்கம் பார்த்தாற்போல் ஆட்களை நிற்க வையுங்கள்.

கும்பகோணம் போகிற வழியில் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. ராஜேந்திர சோழன் கட்டிய கோயில். பண்ருட்டியில் ரொம்ப நேரம் உட்காராவிட்டால் மதியம் நடை சாத்துவதற்குள் போய்விடலாம். வெயில் ஏறியிருக்கும், குடும்பப் படத்துக்கு ஆகாது. ஆனால் வடக்கு வாசல் படிக்கட்டுக்குப் பக்கத்தில் சண்டேச அனுக்கிரக மூர்த்தி சிற்பம் இருக்கிறது. சிவபெருமான் சண்டேசருக்குத் தலையில் பூமாலை சுற்றுகிற காட்சி. அந்த வடக்குச் சுவரில் கோடை வெயில் மேலிருந்து சரிந்து இறங்கும்போது கல்லின் செதுக்கல் ஒவ்வொன்றும் எடுப்பாகத் தெரியும். பாட்டியும் குழந்தைகளும் மரத்தடியில் இருக்கட்டும். படம் எடுப்பவர் மட்டும் போய் நாலைந்து எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

அதைத் தாண்டினால் அணைக்கரை, கொள்ளிடம். டெல்டா என்றதும் பச்சை வயலை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. மே மாதத்தில் ஆறு பெரும்பாலும் மணல்தான், ஆழ்துளைக் கிணறு இல்லாத வயல் காய்ந்துதான் கிடக்கும். பச்சைதான் வேண்டுமென்றால் ஆடிக்குப் பிறகு வாருங்கள். அதற்காக மே மாதக் காவிரியை ஒதுக்கிவிடாதீர்கள். அகன்ற மணல்வெளியில் ஒற்றையடிப் பாதை, ஒரு மூலையில் தேங்கிய தண்ணீரில் குளிக்கிற மாடுகள் என்று அதற்கும் ஒரு முகம் இருக்கிறது.

மாலை தஞ்சைப் பெரிய கோயில். ராஜராஜன் 1010ல் கட்டி முடித்தது, விமானம் ஏறக்குறைய 216 அடி. கோயில் கிழக்கு நோக்கி இருப்பதால் வாசல் வழியாக நுழைந்ததும் சாயங்காலச் சூரியன் விமானத்துக்குப் பின்னால் இருக்கும். நுழைந்த இடத்திலேயே நின்று எல்லோரும் படம் எடுப்பார்கள், வானம் வெளுத்தும் கோபுரம் கறுத்தும் வரும். நீங்கள் நிற்காமல் நடந்து வடமேற்கு மூலையில் இருக்கிற முருகன் சந்நிதிப் பக்கம் போய்விடுங்கள். வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும். ஐந்தரை மணிக்கு மேல் விமானத்தின் மேற்கு, வடக்கு முகங்கள் தேன் நிறத்துக்கு மாறும். அந்த நேரத்தில் குடும்பத்தை அங்கே உட்கார வைத்து எடுத்தால் யாரும் கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை. தரைக்கல் மாலையிலும் சூடாகவே இருக்கும், சின்னக் குழந்தைகளுக்குக் காலுறை போட்டுவிடுங்கள். தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது. கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதும் நினைவிருக்கட்டும். எந்தக் கோயிலானாலும் வாசலில் விசாரித்துவிட்டு, எடுக்கக்கூடாது என்றால் பையில் வைத்துவிட்டுச் சாமி கும்பிடுங்கள்.

மறுநாள் நடுப்பகலுக்குக் கானாடுகாத்தான். நடுப்பகலுக்கென்றே நான் பொறுக்கி வைத்திருக்கிற ஊர் இது. செட்டிநாட்டு வீடுகளின் வளவும் முற்றமும் உச்சிவெயிலைப் பதமாக்கிக் கொடுக்கும். முற்றத்தில் நேராக இறங்குகிற வெளிச்சம் தரையில் பட்டுத் திரும்பி, சுற்றுக்கட்டில் இருப்பவர்களின் முகத்தில் மெதுவாக விழும். கண்ணுக்குக் கீழே நிழல் இருக்காது. பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்தபடி முற்றத்தைப் பார்க்க ஆளை உட்கார வையுங்கள். நீங்கள் முற்றத்தின் ஓரத்தில் நின்றுகொள்ளுங்கள். செல்போன் திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். ஸ்டூடியோவில் நாங்கள் விளக்கும் குடையும் வைத்து வரவழைக்கிற வெளிச்சம் அங்கே சும்மாவே கிடைக்கிறது. பார்வையாளர்களுக்கென்று திறந்துவிட்டிருக்கிற வீடுகள் அந்தப் பக்கம் உண்டு. மற்றவை பூட்டிக் கிடந்தாலும் ஒருவருடைய வீடுதான், திண்ணையில் ஏறுவதற்குக்கூட அனுமதி கேளுங்கள்.

பக்கத்தில் ஆத்தங்குடி. கண்ணாடித் தட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சாந்தைக் கரண்டியால் கையாலேயே ஊற்றித் தரைக்கல் செய்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை. அது நிழலில் நடக்கிற வேலை, வண்ணம் நிறைந்த வேலை. குழந்தைகளை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டம். இது எங்கள் தாத்தா வீட்டுத் தரை என்று பெரியவர்கள் யாராவது கதை ஆரம்பித்தால், கேமராவை வீடியோவுக்கு மாற்றி அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

காரைக்குடியில் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குப் புறப்பட்டால் மாலை வெயில் இருக்கும்போதே பாம்பன். இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 1988ல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். காற்று பலமாக அடிக்கும், பின்னால் பேருந்துகள் வரிசையாக வரும், குழந்தை எந்தப் பக்கம் இறங்கும் என்று சொல்ல முடியாது. மெதுவாக ஓட்டச் சொல்லி, பக்கத்து இருக்கையில் இருப்பவர் வீடியோ எடுக்கட்டும். பாலத்தைக் கடந்ததும் பாம்பன் ஊருக்குள் இறங்கிக் கரைக்குப் போனால், 1914ல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த, நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே தூக்கும் புதிய ரயில் பாலத்தை நின்று நிதானமாகப் பார்க்கலாம். ரயில் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டால் அதுவும் படத்தில் வரும்.

ராமேஸ்வரம் பக்கத்தில் மே மாதத்துக்கென்றே ஒரு காட்சி உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் கரையில் வரிசை கட்டி நிற்கும். பலகை மாற்றுவது, வர்ணம் அடிப்பது, வலை பின்னுவது என்று கரையிலேயே வேலை நடக்கும். சிவப்பும் பச்சையும் நீலமுமாக அவ்வளவு படகுகளை ஒரே இடத்தில் மற்ற மாதங்களில் பார்ப்பது அரிது. ஆனால் அது அவர்களுக்கு வருமானம் இல்லாத காலம். முதலில் அண்ணே என்று பேச்சுக்கொடுத்து, என்ன வேலை நடக்கிறது என்று கேட்டு, அப்புறம் கேமராவை எடுங்கள். எடுத்த படத்தை அவர்கள் செல்போனுக்கு அங்கேயே அனுப்பிவிடுங்கள்.

அடுத்த நாள் காலையில் தனுஷ்கோடி. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தது 2017ல். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை வண்டியை விடுகிறார்கள் என்பதை முந்தின நாளே விசாரித்து, திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். எட்டரைக்கெல்லாம் மணல் சுட ஆரம்பித்துவிடும். ஒரு பக்கம் அமைதியான கடல், மறுபக்கம் தென்மேற்குக் காற்றில் கொந்தளிக்கிற கடல். அவற்றைப் பெண்கடல், ஆண்கடல் என்பார்கள். அலைக்குப் பக்கத்தில் குழந்தைகளை நிறுத்திவிட்டுப் பின்னால் போய்ப் படம் எடுக்கிற வேலை வேண்டாம், ஒரு பெரியவர் கூடவே நிற்கட்டும். இடிந்த தேவாலயத்தின் முன்னால் நிற்கும்போது, 1964 டிசம்பர் புயலில் ஓர் ஊரும் ஒரு ரயிலும் மனிதர்களோடு போன இடம் அது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொன்ன பிறகு அவர்கள் அங்கே எப்படி நிற்பார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்காது.

கொண்டுபோக வேண்டியவை கொஞ்சம்தான். ஏசி காரிலிருந்து கடற்கரை ஈரக்காற்றுக்குள் கேமராவை எடுத்ததும் லென்ஸில் புகை படிந்ததுபோல் மூடிக்கொள்ளும், ஆகவே சேருவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். டேஷ்போர்டில் செல்போனை வைக்காதீர்கள், சூடேறி அணைந்துபோகும். உப்புக்காற்றுக்கு ஒரு மெல்லிய பருத்தித் துணி. ஒரு பெரிய குடை. ஒரு வெள்ளை வேட்டி, அதை இரண்டு பேர் விரித்துப் பிடித்தால் முகத்துக்கு வெளிச்சம் திருப்பலாம், தலைக்கு மேலே பிடித்தால் வெயில் பதமாகும்.

நிறுத்தங்களைக் குறிக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். பெண்கள் போகக்கூடிய சுத்தமான கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் நான் நிறுத்தம் குறிப்பேன். அது இல்லாவிட்டால் அம்மாவும் பாட்டியும் தண்ணீர் குடிக்காமலே வருவார்கள். அந்த முகத்தில் எந்த வெளிச்சமும் எடுபடாது. மூத்த பிள்ளையிடம் பழைய செல்போன் ஒன்றைக் கொடுத்து, வழியில் வருகிற ஊர்ப் பெயர்ப்பலகைகளை எடுக்கிற பொறுப்பை விட்டுவிடுங்கள். பின்னால் எது எந்த ஊர் என்ற குழப்பம் வராது. எப்போதும் படம் எடுக்கிறவர் யாரோ, அவருடைய படம் வீட்டில் இருக்காது. பெரும்பாலும் அது அப்பா, சில வீடுகளில் அக்கா. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு படமாவது வேறு ஆள் எடுக்கட்டும்.

ராத்திரி தங்குகிற இடத்தில், படுப்பதற்கு முன் அன்றைய படங்களை எல்லோரும் உட்கார்ந்து பாருங்கள். மங்கலானதையும் ஒன்றுபோல் இருப்பதையும் அப்போதே அழித்துவிட்டு, மிச்சத்தை இன்னொரு போனிலோ மெமரி கார்டிலோ ஏற்றி வையுங்கள். ஊர் திரும்பியதும், பள்ளிக்கூடம் திறப்பதற்குள், இருபது படமாவது பிரிண்ட் போடுங்கள். அதில் ஒரு செட், பயணத்துக்கு வர முடியாமல் வீட்டில் இருந்துவிட்ட பெரியவருக்கு. வணக்கம்.