பீப்பாய்க்குள் ஒரு சிறுவன்

நேயர்களுக்கு வணக்கம். பழைய சாகச நாவலைப் படக்கதையாக்கும்போது எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 1941-இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் கேன்டர், பழைய நாவல்களைப் படக்கதையாக்கும் 'கிளாசிக் காமிக்ஸ்' வரிசையைத் தொடங்கினார். முதல் இதழ் 'மூன்று மஸ்கட்டியர்கள்'. 1947-இல் அந்த வரிசை 'கிளாசிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' என்று பெயர் மாறியது. தொடக்கத்தில் 64 பக்கமாக இருந்த இதழ் பின்னாளில் 48 பக்கமானது. பக்கத்துக்கு 6 படக் கட்டம் என்றால் 48 பக்கத்துக்கு 288 கட்டம். மஸ்கட்டியர்கள் நாவலிலோ 67 அத்தியாயங்கள். சமமாகப் பங்கிட்டால் அத்தியாயத்துக்கு நாலே கட்டம்! பங்கிடவே கூடாது. பத்து அத்தியாயத்தை ஒரே பக்கத்தில் தாண்டிவிட்டு, ஒரு காட்சிக்கு நாலு பக்கம் கொடுக்கத் துணிய வேண்டும்.

அப்படி நாலு பக்கம் கேட்கிற காட்சி ஒன்று, ஸ்டீவன்சன் எழுதிய 'புதையல் தீவு' நாவலின் 10-ஆம் அத்தியாயத்தின் இறுதியில் தொடங்கி 11-ஆம் அத்தியாயத்தில் தொடர்கிறது. ஆப்பிள் தின்னும் ஆசையில் கப்பல் தளத்துக்கு வருகிறான் சிறுவன் ஜிம். பீப்பாய் கிட்டத்தட்டக் காலி. உள்ளே இறங்கிவிடுகிறான். இருட்டு, கப்பலின் ஆட்டம், கண்ணைச் சொக்குகிறது. யாரோ தடாலென்று வந்து உட்கார்ந்து சாய, பீப்பாய் அதிர்கிறது. கப்பல் சமையல்காரன் சில்வரின் குரல்! கலகத்துக்கான திட்டம் காதில் விழுகிறது.

இதை எப்படி வரைவது? சதிகாரர்களின் முகத்தை வரைந்தால் காட்சி செத்துவிடும். ஜிம்முக்குத் தெரியாதது வாசகருக்கும் தெரியக் கூடாது. கட்டத்தைக் கறுப்பாக விடுங்கள். பையனின் கண் மட்டும் தெரியட்டும். பேச்சு பலூன்களின் வால் கட்டத்துக்கு வெளியே ஓடட்டும். நடுவில் சில்வர், எனக்கொரு ஆப்பிள் எடுத்துக் கொடு என்கிறான். அந்த இடத்தில் வசனமே இல்லாத ஒரு கட்டம் வேண்டும். வேறொருவன் அதெல்லாம் வேண்டாம், ரம் குடிப்போம் என்று தடுத்த பிறகுதான் நமக்கும் மூச்சு வருகிறது. இறுதியில் நிலா எழுந்து பீப்பாய்க்குள் வெளிச்சம் விழுகிறது. அதுவரை கறுப்பாக விட்டிருந்தால்தானே அந்த ஒளிக்கு மதிப்பு?

திரும்பவும் சொல்கிறேன்: ஜிம்முக்குத் தெரியாதது வாசகருக்கும் தெரியக் கூடாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு: இதே நாவலில் 16 முதல் 18 வரையான அத்தியாயங்களை மருத்துவர் லிவ்சி சொல்கிறார், ஜிம் அப்போது கரையில் இருக்கிறான் என்பதால். கதை சொல்பவர் மாறியதைக் காட்ட, விவரிப்புப் பெட்டியின் நிறத்தை மாற்றினாலே போதும்.

அடிக்கடி நேரும் கோளாறு ஒன்று உண்டு. மேலே 'ஜிம் கதவைத் திறந்தான்' என்று எழுத்து. கீழே ஜிம் கதவைத் திறக்கிற படம். ஒன்றை எடுத்துவிடலாம், எழுத்தைத்தான் எடுக்க வேண்டும்.

நேரம் நெருங்கிவிட்டது. பக்கம் புரட்டுவது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திடுக்கிட வைக்கும் படம் இடப்பக்கத்தின் முதல் கட்டத்தில் வர வேண்டும். வலப்பக்கத்தில் வைத்தால், புத்தகத்தை விரித்ததுமே கண் அங்கே ஓடிவிடும். 'ராபின்சன் குரூசோ' நாவலில், தீவில் தனியாக வாழும் குரூசோ மணலில் காலடித் தடத்தைக் காணும் இடத்தை அப்படி வைத்துப் பாருங்கள். வணக்கம்.