மணலே, உனக்கு எந்தூரு? ஒரு துகள் சொன்ன 100 கோடி வருஷத்து ரகசியம்

[காட்சி: தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் மேடு, குதிரைமொழித் தேரி. உள்ளங்கையில ஒரு பிடி செம்மணல்.]

அமெரிக்காவுல யூட்டான்னு ஒரு மாநிலம். அங்க நவாஹோ மணற்கல்லுன்னு செங்குத்தா நிக்குற ஒரு பாறை. 19 கோடி வருஷத்துக்கு முன்னாடி அது நம்ம தேரி மாதிரி மணல்மேடு, ஆனா கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் பரந்த பாலைவனம். அந்த மணல்ல கணிசமான பங்கு 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால, கண்டத்தோட கிழக்கு ஓரத்து மலையிலிருந்து வந்ததாம். யாரு சாட்சி? கண்ணுக்குச் சரியாத் தெரியாத ஒரு துகள்!

வணக்கம் மக்களே. மணல் படிஞ்சு, இறுகி, கல்லானா அது படிவுப்பாறை. பள்ளிக்கூடத்துல படிச்சதுதான், தாண்டிப் போவோம்.

மணல்ல முக்காவாசி குவார்ட்ஸ்ங்கிற படிகக் கல்லுதான். எல்லாம் ஒரே சாயல், அதுகிட்ட ஊரு கேட்டா பதில் வராது. பதில் சொல்றது சிர்க்கான். பாறைக்குழம்பு ஆறும்போது பிறக்குற படிகம். பிறக்கும்போது யுரேனியத்தை உள்ள விடும், ஈயத்தை அண்ட விடாது. பிறகு அந்த யுரேனியம் மெதுவா ஈயமா மாறும்; பாதி மாறவே 447 கோடி வருஷம். இப்ப உள்ள எவ்வளவு ஈயம், எவ்வளவு யுரேனியம்னு அளந்தா பிறந்த வருஷம் கிடைச்சிரும்.

சரி, கோடிக்கணக்கான மணல்ல சிர்க்கானை எப்படிப் பொறுக்குறது? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். எங்க ஆச்சி அரிசி அரிக்கிறதைப் பாத்திருக்கியளா? ரெண்டு சட்டி. தண்ணியில அரிசியை லேசா ஆட்டி ஆட்டி ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்கு ஊத்துவாங்க. அரிசி தண்ணியோட போயிரும், கல்லு அடியில தங்கிரும். ஆய்வகத்துலயும் இதேதான்! பாறையை இடிச்சு, ஆடுற மேசையில தண்ணி விட்டு அரிப்பாங்க. குவார்ட்ஸ் தண்ணியைவிட 2.65 மடங்கு கனம், சிர்க்கான் 4.6 மடங்கு. லேசானது ஓடிரும், கனத்தது நிக்கும். மணப்பாடு கடற்கரையில அலை வடிஞ்சதும் கருப்புக் கோடு தெரியும்ல? அது கடல் அரிச்சு வச்ச கனத்த மணல். ஆச்சியும் கடலும் ஒரே வேலைதான் செய்றாங்க.

அப்புறம் நூத்துக்கு மேல துகள்களை லேசர்ல சுட்டு வயசு பாப்பாங்க. நவாஹோவுல நிறைய துகளுக்கு 100 கோடியிலிருந்து 120 கோடி வயசு வந்துச்சு. அந்த வயசுப் பாறை, கண்டத்தோட கிழக்கு ஓரத்துல இருக்குற அப்பலாச்சியன் மலைப் பக்கம் உண்டு. 2003-ல, சிர்க்கானுக்குள்ள இருக்குற ஹீலியம் வாயுவை வச்சு, அது பிறந்த பிறகு பூமிக்குள்ளருந்து மேல வந்து எப்ப சூடு ஆறுச்சுன்னும் அளந்தாங்க. அதுவும் அதே மலைக்குத்தான் கை காட்டுச்சு. ஆறுக அள்ளிட்டு வந்துச்சு, காத்து மேடாக்குச்சு.

இன்னொண்ணு. கல்யாண ஆல்பத்துல ஒரு கைக்குழந்தை இருந்தா, அந்தப் போட்டோ குழந்தை பிறந்ததுக்கு அப்புறம்தானே எடுத்திருக்கணும்? பாறையிலயும் ஆகக் குறைஞ்ச வயசு சிர்க்கான் அந்தக் குழந்தை. அதைவிடப் பழசா பாறை இருக்க முடியாது. வயசு சொல்ல புதைபடிவமே கிடைக்காத பாலைவனப் பாறைக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

இப்ப நம்ம தேரி. தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலுக்குப் போயிருப்பீங்க. கால்ல ஒட்டுற செக்கச்செவேல் மணல் ஒவ்வொண்ணுக்கும் மேல இரும்பு ஆக்சைடு தோல் போத்தியிருக்கு. உள்ள குவார்ட்ஸோட இல்மனைட், கார்னெட்ங்கிற கனத்த கனிமங்களும், நம்ம சிர்க்கானும் உண்டு. அதுகளுக்கு எந்தூரா இருக்கும்? மேற்கே இருக்கு நம்ம மலைப்பாறை, 55 கோடி வருஷம் போல முன்னாடி பூமிக்குள்ள ஆழத்துல வெந்து உருமாறுனது. தேரியை வெறும் மண்ணுன்னு லாரியில அள்ளுறதைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது.

அடுத்த தடவ போகும்போது பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மணல் மேல ஓட்டுங்க. கருப்புத் துகளா ஒட்டிக்கிட்டு வரும். ஒட்டாம மிஞ்சுறதை உருப்பெருக்கியில பாருங்க. பளிச்சுனு மின்னுற குட்டிப் படிகம் தட்டுப்பட்டா, உங்க ஊர் பேரோட கமெண்ட்ல போடுங்க.